வினாடி வினாவும் அழிப்பாங்கதையும்



'வினாடி வினா' என்ற பெயரிலேயே ஓர் அவசரம் இருக்கிறது. மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கேள்வி அடுத்த அணிக்குப் போய்விடும். கல்லூரிப் பிள்ளைகளிடையே இந்த விளையாட்டு எப்படி வளர்ந்தது, இத்தனை கல்லூரி இருந்தும் நம் தாமிரபரணிக் கரையில் அதற்கென்று நிலையான ஒரு கூட்டம் ஏன் அமையவில்லை என்பதை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1953-ல் ரேடியோவில் 'காலேஜ் பவுல்' தொடங்கியது. அதைப் பார்த்து இங்கிலாந்தில் 1962-ல் 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' டிவிக்கு வந்தது. நம் நாட்டில் 1967-ல் கல்கத்தாவில் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில் நீல் ஓ பிரையன் என்பவர் பொதுமக்களுக்காக நடத்தியதைத்தான் முதல் முறையான போட்டி என்கிறார்கள். 1972-ல் போர்ன்விட்டா போட்டி ரேடியோவில் வந்தது. 1985-ல் சித்தார்த்த பாசு தூர்தர்ஷனில் கல்லூரி அணிகளை வைத்து 'குவிஸ் டைம்' நடத்தினார். நம்மில் பலர் வீட்டுக்கு டிவியே அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆனால் டிவியில் பார்ப்பது வேறு, தானே போய் உட்கார்ந்து விளையாடுவது வேறு. பெங்களூரில் 1983-ல் கர்நாடக குவிஸ் சங்கம் அமைத்தார்கள். சென்னையில் கண் மருத்துவர் நவீன் ஜெயக்குமார் 1999 முதல் சுதந்திர தினத்தன்று 'லேண்ட்மார்க் குவிஸ்' நடத்தினார். மூன்று பேர் சேர்ந்தால் ஓர் அணி. பள்ளிப் பிள்ளை, கல்லூரிப் பிள்ளை, வேலைக்குப் போகிறவர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். முதல் சுற்றை எல்லோரும் தாளில் எழுத வேண்டும். என் பார்வையில் அந்தத் தாள்தான் பெரிய விஷயம். மேடை ஏறுவது ஏழெட்டு அணிதான், ஆனால் அன்றைக்கு அரங்கில் இருந்த அத்தனை பேரும் விளையாடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

விதிகளையும் மெல்ல மெல்லத் திருத்தினார்கள். பழைய முறையில் எந்த நாற்காலி கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே பாதி வெற்றி. இப்போது, தன் முறை வராவிட்டாலும் விடை தெரிந்த அணி அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். தப்பாக இருந்தால் மதிப்பெண் குறையும். இதற்குப் பவுன்ஸ் என்று பெயர். கேள்வி அணிக்கு அணி தாவிப் போவதற்கும் பவுன்ஸ் என்றே பெயர். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொல், தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது. நம்ம பிள்ளைகள் வேறு பெயர் கண்டுபிடிக்கட்டும்.

விதி இருக்கட்டும், கேள்விக்கு வருவோம். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் ஒரே கேள்வியில் பல குறிப்பு வைக்கிறார்கள். முதலில் கடினமானது, போகப் போக எளிது. நம் பக்கத்து அழிப்பாங்கதையும் யோசித்து அழிப்பதுதானே! 'ஆதிச்சநல்லூரில் எந்த ஆண்டு தோண்டினார்கள்?' என்று கேட்டால் மனப்பாடம் செய்தவன் சொல்வான், மற்றவன் தலையைக் குனிவான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஆற்றின் தென்கரை மேட்டில் 1876-ல் ஒரு ஜெர்மானியர் தோண்டிய பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டினார். வரிசை வரிசையாக முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. நெல்லையிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் போனால் வழியில் வரும். எந்த ஊர்?' கடைசி வரிக்குள் யாராவது ஒருவர் கையைத் தூக்கிவிடுவார்.

சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையன் ஒருவன், என்னிடம் தமிழ் வழியில் படித்தவன், கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு போட்டிக்குப் போனான். கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டும் வெளிநாட்டு சீரியலும். "விடை தெரியாதது அப்புறம் சார், கேள்வியே புரியலை" என்றான். தோற்றதில் அவனுக்கு வருத்தம் இல்லை. முதல் சுற்றில் தோற்ற அணிகளை, இருந்து பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, விடைகளையும் வாசிக்கவில்லை. அத்தோடு அவன் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. பழைய புத்தகக் கடையில் நின்றுகொண்டே பாதிப் புத்தகத்தைப் படித்து முடிக்கிற பிள்ளை அவன்!

நம்மிடம் என்ன குறை? பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி 1895-லிருந்து இருக்கிறது, சவேரியார் கல்லூரி 1923-லிருந்து, சதக்கத்துல்லா அப்பா கல்லூரி 1971-லிருந்து. 1990-ல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. கூடிப் பேசும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி கூடியதே, அங்கே பரிசும் கோப்பையுமா கொடுத்தார்கள்? கம்பனைக் கேட்கும் சுகத்துக்காகத்தான் வக்கீலும் அதிகாரியும் வந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது நம் பழைய மாணவர் சிலர், வேறு வேறு கல்லூரிகளில் படிப்பவர்கள், மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை கூடுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. கேள்வி தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். முதல் ஆட்டத்தில் ஒரே கல்லூரிக்காரர் ஓர் அணியில் சேரக் கூடாது, சீட்டுக் குலுக்கித்தான் அணி. விடை சொன்னதும் அது எப்படி விடையானது என்று இரண்டு வரி விளக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் கடைசி வரை நாற்காலியும் டீயும் உண்டு. சேரன்மகாதேவிப் பையனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருவானா என்று பார்க்க வேண்டும்.

கேள்விகளைச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு கேள்வி எழுதி அனுப்புங்கள். அம்பாசமுத்திரத்தில் இருப்பவர்கள் அணையைப் பற்றி எழுதலாம், துபாயில் இருப்பவர்கள் அந்த ஊரைப் பற்றி எழுதலாம். ஆண்டை மட்டும் கேட்கும் கேள்வி வேண்டவே வேண்டாம். விடையை உடனே அனுப்பாதீர்கள், இரண்டு நாள் கழித்து அனுப்புங்கள். முதலில் நான் அழித்துப் பார்க்கிறேன்.