கமரன் தம்பதியும் பெயரில்லாத மலையகத்தாரும்: பட்டியல்களில் ஒரு தேடல்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போனால் வரும் பொகவந்தலாவையில், செயின்ட் மேரிஸ் தேவாலய வளவில் ஒரு கணவனும் மனைவியும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு என்று நாம் மனனம் செய்தோமே, அந்தக் கமரன்தான். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் 1879 ஜனவரி 26ஆம் திகதி காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

இந்த இருவரையும் நூலக, நூதனசாலைப் பட்டியல்கள் வழியாகத் தேடிப் பார்ப்பதென்று தொடங்கினேன். தேடல் போகப் போக, அந்தப் பட்டியல்களில் யார் யார் இல்லை என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

முதலில் கணவர். நூலகப் பட்டியலில் அவரைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். குடும்பப் பெயர், முழுப் பெயர், 1795 – 1880 என்ற ஆண்டுகள் சேர்ந்த ஒரே தலைப்பின் கீழ் எல்லாம் வரிசையாக வந்துவிடும். அதில் முக்கியமானது ஜீ.சி. மெண்டிஸ் பதிப்பித்து 1956இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட கோல்புறூக் – கமரன் ஆவணங்களின் இரண்டு தொகுதிகள். ராஜகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டதன் பின்னணி அங்கே இருக்கிறது. டச்சுக்காரர் சோனகர் மீது சுமத்திய ஊழிய வேலையின் கதையை அறிந்த நம் வாசகர்களுக்கு, கட்டாய வேலை பற்றிய அந்தப் பக்கங்களைப் படிக்கத் தனிக் காரணம் உண்டு. ஆணைக்குழுவில் இருந்தவர் பிறகு இதே நாட்டில் கோப்பித் தோட்டங்களை வாங்கிச் சொந்தக்காரரானார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மனைவியைத் தேட நூதனசாலைப் பட்டியல்களுக்குப் போக வேண்டும். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில் மகளும் மருமகனும் கொடுத்த கமராதான் அவருடைய முதல் கமரா. அப்போது வயது நாற்பத்தெட்டு. இரண்டே வருடத்தில், இன்று விக்டோரியா அன்ட் அல்பர்ட் என்று அழைக்கப்படும் லண்டன் நூதனசாலை அவருடைய படங்களை விலைக்கு வாங்கியது. லொஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி நூதனசாலையிலும் பெரிய சேகரிப்பு உண்டு. 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட அவருடைய படங்கள் இன்று அறியப்பட்டுள்ளன. இலங்கையில் எடுத்தவற்றில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு.

ஒரு பட்டியல் பதிவில் என்ன இருக்கும்? படைத்தவர், தலைப்பு, ஆண்டு, அச்சு முறை, அளவு, நூதனசாலைக்கு வந்து சேர்ந்த வழி. இங்கிலாந்தில் எடுத்த படங்களில் இந்த வரிகள் நன்றாகவே நிரம்பியிருக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. 1864 முதல் 1875 வரை ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை அவர் பதிப்புரிமைக்காகப் பதிவு செய்தார். அந்தத் தாள்கள் இன்றும் பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதனால் டெனிசன், டார்வின் போன்ற பெரியவர்களின் பெயர்கள் மட்டுமல்ல, வீட்டுப் பணிப்பெண்களின் பெயர்களும் தப்பிப் பிழைத்தன. மேரி ஹிலியர் யார், மேரி ரயன் யார் என்று நமக்குத் தெரியும். மேரி ரயன் தெருவில் பிச்சை எடுத்த ஏழை ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை. அவரை மணந்தவர் ஹென்றி கொட்டன், 1904இல் இந்தியத் தேசிய காங்கிரஸின் தலைவராக இருந்தவர். இவ்வளவையும் ஒரு பணிப்பெண்ணின் படத்திலிருந்து பின்தொடர முடிகிறது.

அதே கமரா, அதே கை. இலங்கைப் படங்களுக்கு வந்தவுடன் பெயர்கள் நின்றுவிடுகின்றன. 1878இல் எடுத்த ஒன்றின் தலைப்பு, களுத்துறைக் குடியானவர் குழு. மற்றவற்றுக்கும் ஊரையோ இனத்தையோ மட்டும் சொல்லும் தலைப்புகள்தான். சிலவற்றுக்குத் தலைப்பே இல்லை. ஒரு பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது: மரியான் நோர்த். 1877இல் களுத்துறை வீட்டில் விருந்தாளியாகத் தங்கிய ஆங்கில ஓவியர். அவர் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சங்கதி சொல்கிறார். உள்ளூர் மனிதர் ஒருவரின் முதுகழகு திருமதி கமரனுக்கு மிகவும் பிடித்துப் போனதாம். அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டில் தோட்டமே கிடையாது. அந்த மனிதருக்கோ தோட்டக்காரர் என்ற சொல்லின் அர்த்தமே தெரியாது. முதுகைப் பற்றி எழுதியவர் பெயரை எழுதவில்லை.

“நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு பெயர் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்கலாம். 2023இல் மலையக மக்கள் தங்கள் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். தன் பூட்டன் எந்த ஊரிலிருந்து, யாருடன் வந்தார் என்று தேடும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் உண்டு. ஆளுக்கொரு இலக்கம், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் அதில் உண்டு. மொரீசியஸில் மகாத்மா காந்தி நிறுவகத்தில் பலருடைய புகைப்படங்களே உள்ளன. இலங்கைக்குக் கங்காணி முறையில் வந்தவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு ஒப்பந்தத் தாள் இல்லை. அவர்களுடைய பெயர் இருந்த இடம் தோட்டத்துச் செக்ரோல். நாட்சம்பளத்துக்காக எழுதிய கொப்பியை எந்த நூலகமும் நூல் என்று எண்ணிப் பட்டியலில் ஏற்றவில்லை.

ஆகவே தேடும் முறையை மாற்ற வேண்டியிருக்கிறது. தொழிலாளியைத் தேடுகிறவர் துரையின் பெயரில் தேட வேண்டும். படைத்தவர் என்ற வரியில் துரையோ துரைசாணியோ இருப்பார்கள். நம் ஆட்கள் படத்துக்குள் இருப்பார்கள். சோனகர்களைத் தேடுகிறவர் மூர், மூர்மன், முகமதியர் என்ற பழைய சொற்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். மரைக்கார், லெப்பை என்பவற்றுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையையும் பார்க்க வேண்டும். மேல்நாட்டு நூலகங்கள் தமிழ்ச் சகரத்தை ஆங்கில வரிசையின் மூன்றாம் எழுத்தால் குறிக்கும். சித்திலெவ்வையை ‘எஸ்’ஸில் மட்டும் தேடினால், கண்டியில் பிறந்து 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கிய மனிதர் பாதிதான் அகப்படுவார்.

இதில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைக் கடைத்தெருக்களில் நம்மவர்கள் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்கள் சம்பள நாள் வரைக்கும் கடனுக்குச் சாமான் வாங்கினார்கள். அந்தக் கடன் கொப்பிகளில் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஆளின் பெயர் எல்லாம் எழுதப்பட்டன. அரிசி, கருவாடு, சேலை என்று அந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது, பெருநாளுக்கு எதை உடுத்தது என்பதும் அதில் இருக்கும். கமரன் அம்மையாரின் காலத்துக் கொப்பிகள் கிடைப்பது அரிது. வாப்பா காலத்தவை, அப்பா காலத்தவை சில வீடுகளில் பெட்டியிலோ பரணிலோ இன்னும் கிடக்கலாம்.

கடை கைமாறும்போதும் வீடு இடிக்கும்போதும் முதலில் குப்பைக்குப் போவது அந்தக் கொப்பிதான். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் எரித்துவிடாதீர்கள், பழைய பேப்பருக்கும் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, எந்தக் கடை, எந்தக் காலம் என்று முன் தாளில் எழுதி, ஒரு நூலகத்தில் பிரதி கொடுங்கள். யாருடைய கடன் எவ்வளவு என்பதை அம்பலப்படுத்தத் தேவையில்லை. அந்த வரியை மறைத்தே கொடுக்கலாம். பெயரும் தோட்டமும் போதும். அந்தப் பிள்ளைகள் தேடுவது அவற்றைத்தான்.