நேயர் விருப்பம்: அன்றும் இன்றும்



"நேயர் விருப்பம்" என்னும் தொடரை அறியாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே. வானொலியில் தமக்கு வேண்டிய பாட்டைக் கேட்டுப் பெறலாம் என்ற எண்ணத்தை நம் மக்களுக்கு முதன்முதல் ஊட்டியது அத்தொடர். இன்று கைத்தொலைபேசியிலே இசை கேட்கும் இளைஞர், பாட்டைக் கேட்டுப் பெறுவதைக் காட்டிலும், கருவி தருவதைக் கேட்டிருத்தலே மிகுதி. கேட்பவருடைய விருப்பத்தை அறிய உலகம் கையாண்ட வழிகள் யாவை, அவ்வழிகளிலே கேட்பவருக்கு இருந்த உரிமை எத்தகையது என்பதைச் சிறிது நேரம் வரலாற்று நோக்கில் எண்ணிப் பார்ப்போம்.

தொடக்கத்தில் நேயருக்கு விருப்பம் என ஒன்று இருப்பதாக எவரும் கருதவில்லை. கொழும்பிலே தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1923ஆம் ஆண்டிலே சோதனை ஒலிபரப்பைத் தொடங்கினார். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளிலிருந்து எடுத்த உறுப்புகளைக் கொண்டு அவருடைய ஒலிபரப்பி அமைக்கப்பட்டது. மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து அவர் ஒலிக்கச் செய்தவை இசைத்தட்டுக்களே. 1925 டிசெம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. பெட்டியிலிருந்து ஒலி வருவதே அன்று அதிசயமாக இருந்தது. எந்த ஒலி வரவேண்டும் என்று கேட்கும் துணிவு பின்னரே பிறந்தது.

அண்டை நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அத்துணிவை வளர்த்தது. இந்தியாவிலே 1952ஆம் ஆண்டு தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுக்கின்றன என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் அப்பாடல்களுக்கு உரிய நேரத்தை அவர் குறைத்தார். பாடலோடு படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கூறி அதுவும் நிறுத்தப்பட்டது. படத் தயாரிப்பாளர்கள் தங்கள் பாடல்களுக்கு வழங்கியிருந்த உரிமத்தை மீளப் பெற்றனர். கேஸ்கரின் நோக்கத்தைப் பழித்துரைப்பது எளிது. மரபிசைக்கு அவர் காலத்தில் வானொலி பெரும் புரவலராக விளங்கியது என்பதும் உண்மையே. ஆயினும் ஒருவருக்கு எது நல்லது என்பதை அவரைக் கேளாமலே முடிவு செய்வதில் ஒரு குறை உண்டு: கேட்பவர் வேறு வாயிலைத் தேடிச் சென்றுவிடுவார்.

அந்த வேறு வாயில் நம் கொழும்பிலே திறந்திருந்தது. 1949ஆம் ஆண்டு "ரேடியோ சிலோன்" என்று பெயர் பெற்ற நம் வானொலி, 1950 செப்டெம்பர் இறுதியில் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் அச்சேவையை வழிநடத்தினார். தமிழ்ப் பகுதியிலே எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து தமிழகமெங்கும் ஒலித்தது. இந்திப் பகுதியிலே 1952 டிசெம்பரில் தொடங்கிய "பினாக்கா கீத்மாலா" நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயிலே பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பிவைத்தார். கடிதங்கள் குவிந்தன. நேயர் கேட்ட பாடலைத் தருவதே வர்த்தக சேவையின் உயிர்நாடியாயிற்று. இந்திய வானொலியும் மக்களின் போக்கை உணர்ந்து, 1957 ஒக்டோபர் 3ஆம் நாள் "விவித பாரதி"யைத் தொடங்கியது.

பாட்டைக் கேட்டுக் கடிதம் எழுதியவர் யாவர்? வடஇந்தியாவில் இதற்குப் பெயர் போன ஊர் ஜும்ரி தலையா என்பது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலுள்ள அவ்வூர் மைக்காச் சுரங்கத் தொழிலால் வாழ்ந்த சிற்றூர். அங்கிருந்து வந்த விருப்பக் கடிதங்களின் பெருக்கத்தால் அதன் பெயர் இந்தியா முழுவதும் அறியப்பட்டது. உழைப்பாளர் ஊரொன்று தன் பெயரை நாடறியச் செய்துகொண்ட வழி அது.

நம் மலைநாட்டிற்கு இது புதுமையன்று. பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா, ஹட்டன் என்னும் பெயர்களை அறிவிப்பாளர்கள் அடுக்கிச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் நம்மிற் பலர். தபாலட்டை ஒன்றிலே பாட்டின் பெயர், படத்தின் பெயர், தம் பெயர், தம்மோடு விரும்பிக் கேட்போர் பெயர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி அனுப்புவர். தோட்டத்து மக்களுக்கு வீட்டு வாசலிலே தபால் வருவதில்லை. லயத்து வீட்டிற்குத் தனி முகவரி இல்லாமையால் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே கடிதம் வரவேண்டும். அத்தகையோரின் பெயர் கொழும்பிலிருந்து நாடு முழுவதும் கேட்க ஒலித்தது.

அதன் அருமையை உணர அக்கால நிலையை நினைவுகூரல் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றி 1974ஆம் ஆண்டிலே முடிவாயிற்று. வாக்காளர் இடாப்பிலே இடம் பெறாத ஒருவரின் பெயர் வானொலியிலே இடம் பெற்றது. ஒருவர் தம் பெயரையும் விருப்பத்தையும் எழுதி அனுப்புகிறார். ஓர் அரச நிறுவனம் அவற்றை மதித்து உரக்கப் படிக்கிறது. பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பெயர் ஒலித்த செய்தியோ பெரட்டுக் களத்திலும் கொழுந்து மலையிலும் ஒரு வாரம் பேசப்படும்.

இம்முறையைக் குறையற்றதாகப் புகழ்தல் முறையன்று. வந்த கடிதம் யாவும் வானொலியில் ஏறவில்லை. தெரிந்தெடுக்கும் உரிமை நிலையத்தாரிடமே இருந்தது. எழுதத் தெரிந்தவர் மட்டுமே கேட்க முடிந்தது. எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத தாய்மாருக்கு அப்பெட்டி திறக்கவில்லை. இசைத்தட்டாக வெளிவந்த பாட்டை மட்டுமே கேட்க இயலும் என்பது மற்றொரு குறை. காமன் கூத்தில் முழங்கும் தப்பையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கேட்டு எவர் தபாலட்டை எழுதுவார்? அவற்றுள் சிலவற்றை சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டி நூலாக்கியமையாலேயே நாம் இன்று அறிகிறோம்.

இனி நம் காலத்திற்கு வருவோம். கேட்பவரின் விருப்பத்தைக் கணினியைக் கொண்டு அறியும் முயற்சி 1990ஆம் ஆண்டுகளில் தோன்றியது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில் 1994ஆம் ஆண்டு "ரிங்கோ" என்னும் ஏற்பாடு அமைந்தது. அதிலே பங்குகொண்டோர் இசைவாணர்களுக்கு 1 முதல் 7 வரை புள்ளியிட்டு மின்னஞ்சலில் அனுப்பினர். ஒத்த சுவையுடையோரைக் கணினி கண்டுபிடித்து, அவர்கள் விரும்பியவற்றை இவருக்குப் பரிந்துரைத்தது. இது நம் தபாலட்டைக்கு நெருங்கிய உறவினது என்றே கூறலாம். கேட்பவர் தம் கருத்தைத் தாமே எழுதி அனுப்பினார்.

பின்னர் வந்த முறை வேறு. புள்ளியிடும் சிரமத்தைப் பலர் விரும்பவில்லை. ஆதலால் அவர்கள் செய்வதைக் கொண்டே விருப்பத்தை ஊகிக்கலாயினர். எந்தப் பாட்டை முழுவதும் கேட்டார், எதை இடையில் தாண்டினார், எதை மீண்டும் ஒலிக்கச் செய்தார், எந்நேரத்திற் கேட்டார் என்பவையே சான்றுகளாயின. சுவீடன் நாட்டிலே 2006ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஸ்பொட்டிஃபை, 2015ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் திங்கட்கிழமை ஒவ்வொருவருக்கும் 30 பாடல்கள் கொண்ட தனிப் பட்டியலைத் தரத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு அச்சேவை இலங்கைக்கும் வந்தது. அறியாத நல்ல பாடல்கள் பலவற்றை இம்முறை நமக்கு அறிமுகம் செய்கிறது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. தபாலட்டைக் காலத்தில் மாதக் கணக்காகக் காத்திருந்து கேட்ட பாட்டை இன்று ஒரு நொடியிற் கேட்கிறோம்.

ஆயினும் ஊகத்திற்கு ஓர் எல்லை உண்டு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றிலே பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கற்கும் பொருட்டுத் தோட்டத்து வீடுகள் பலவற்றில் கைத்தொலைபேசி புகுந்தது. வீட்டிற்கு ஒன்றே. அதில் மகன் புதிய திரைப்பாடல் கேட்பான். அப்பாயி முருகன் பாட்டுக் கேட்பார். கருவியோ அனைவரையும் ஒரே ஆளாகக் கொள்ளும். என் மாணவி ஒருத்தியின் வீட்டில் அப்பாயி காலமானார். முப்பத்தோராம் நாள் வரையில் சிவபுராணமும் இரங்கற் பாடல்களும் அக்கருவியில் ஒலித்தன. துக்கம் கழிந்து வாரங்கள் பல சென்ற பின்னரும் அதே வகைப் பாடல்கள் வந்துகொண்டே இருந்தன. "இது போதும் என்று இதனிடம் எப்படிச் சொல்வது, சேர்?" என்று அப்பிள்ளை என்னை வினவினாள். எனக்கு உடனே விடை கூற முடியவில்லை. தபாலட்டைக் காலத்தில் எவரும் கேட்கத் தேவையில்லாதிருந்த வினா அது.

சொல்வதற்கு வழிகள் உண்டு என்பதைப் பின்னர்க் கற்றுக்கொண்டேன். யூடியூபிலே பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்திவைக்கலாம். வேண்டியதை மட்டும் அழிக்கலாம். ஒரு பரிந்துரையைச் சுட்டி "ஆர்வமில்லை" என்று தெரிவிக்கலாம். ஸ்பொட்டிஃபையிலே ஒரு பாடற் பட்டியலை நம் சுவைக் கணக்கிற் சேர்க்காதிருக்குமாறு சொல்லும் வசதி 2023ஆம் ஆண்டு வந்தது. ஆனால் இவ்வசதிகள் பட்டிகளுக்குள் மறைந்து கிடக்கின்றன. வழி தெரியாதவருக்கு இருக்கும் வழியும் இல்லாததற்குச் சமமே.

சட்டமும் இத்துறையிற் புகுந்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2022ஆம் ஆண்டு நிறைவேற்றிய எண்முறைச் சேவைகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பரிந்துரை எவ்வளவைகளால் அமைகிறது என்பதை இணையத் தளங்கள் எளிய மொழியில் வெளியிட வேண்டும் என்கிறது. 38ஆம் பிரிவு, மாதந்தோறும் நாலரைக் கோடிக்கு மேற்பட்ட ஐரோப்பியப் பயனாளரைக் கொண்ட பேரளவுத் தளங்கள், தனியாள் விவரத்தைச் சாராத தெரிவு ஒன்றையேனும் வழங்க வேண்டும் என்கிறது. எல்லா இசைத் தளங்களும் இவ்வரம்பிற்குள் அடங்கா. எனினும், கேட்பவருக்குத் தம்மைப் பற்றிய ஊகத்தை அறியவும் மறுக்கவும் உரிமை உண்டு என்னும் கொள்கை அங்கே எழுத்தில் ஏறிவிட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? கேஸ்கர் காலத்தில் நேயரைக் கேளாமல் அவருக்கு நல்லதை முடிவு செய்தனர். தபாலட்டைக் காலத்தில் நேயரைக் கேட்டு, தம் வசதிக்கேற்பத் தந்தனர். இன்று நேயரைக் கேளாமலே அவர் விரும்புவதை அறிந்ததாகக் கருவி எண்ணுகிறது. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவையாகத் தோன்றினும், கேட்பவரின் வாய்ச்சொல்லுக்கு இரண்டிலும் இடமில்லை. ஆதலால், இந்தப் பாட்டு ஏன் வந்தது என்று அறிதல், இது வேண்டாம் என்று மறுத்தல், ஒரு வீட்டில் ஒருவர் சுவையை மற்றவர் சுவையிலிருந்து பிரித்தல், பழைய கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்குதல் ஆகிய நான்கும் எளிய தமிழில், முதற் பக்கத்திலேயே கேட்பவருக்குக் கிடைத்தல் வேண்டும். இதனைக் கோருவது ஆடம்பரமன்று. நம் பெற்றோர் ஒரு தபாலட்டையிற் செய்ததையே நாம் கேட்கிறோம்.

நம் பங்கிற்குச் செய்யத்தக்கனவும் உள. பிள்ளைகளுக்கு நாம் இவ்வசதிகளைக் கற்பிக்கலாம். வருவதைக் கேட்டிருப்பதோடு அமையாமல், வேண்டிய பாட்டின் பெயரைத் தமிழில் எழுதித் தேடும் பழக்கத்தை ஊட்டலாம். இன்னும் நம் தோட்டங்களிலே வாழும் முதியோர் பாடும் பாடல்களை அவர்தம் இசைவோடு பதிவு செய்து, பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் குறித்து வைக்கலாம். பதிவு செய்யப்படாத பாட்டைத் தபாலட்டையும் கேட்கவில்லை; கணினியும் ஊகிக்காது.

அந்த மாணவி இப்போது தன் வீட்டுத் தொலைபேசியில் இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறாள். ஒன்று அவளுடையது. மற்றொன்றுக்கு அப்பாயியின் பெயரை இட்டிருக்கிறாள். அதனைக் கருவி ஊகித்து ஒலிக்கச் செய்வதில்லை. அவள் விரும்பும் நாளிலே அவளே திறந்து கேட்கிறாள்.