கோணேசர் ஊரும் பைலாத் தாளமும்

கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்கள் சூழ்ந்தது தம்பலகாமம். அங்குள்ள ஆதிகோணநாயகர் ஆலயம் ஓர் இழப்பின் நினைவாகும். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தான். அதன் கற்கள் கோட்டை மதிலாயின. அடியார் மறைத்துக் காத்த திருவுருவம் பின்னர் தம்பலகாமத்தில் எழுந்தருளியது என்பது மரபு.

இடித்தவர் விட்டுச் சென்றது கோட்டை மட்டுமன்று. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் தம் மணவீடுகளில் வயலினும் கிற்றாரும் இசைத்தாடும் கப்ரிஞ்ஞாவும் அவ்வழி வந்ததே. ஆபிரிக்க வழிவந்த காப்பிரியர் இசையும் அதனோடு கலந்தது. இவற்றிலிருந்து கிளைத்த பைலாவைச் சிங்களத்தில் நிலைநிறுத்தியவர் வொலி பஸ்தியன். அதன் ஆறெட்டுத் தாளம் நமது திஸ்ர நடைக்கு அயலானதன்று. தமிழ்ச் செவிகள் அதனை எளிதில் ஏற்றமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அறுபதுகளின் பிற்பகுதி முதல் இத்தாளத்தைத் தழுவி எழுந்ததே ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. திருகோணமலைச் சகோதரர்களான பரமேஷ், கோணேஷ் இருவரும் இத்துறையின் முன்னோடிகள். அவர்களுள் ஒருவர் கோணேசரின் பெயரைத் தாங்கியே போர்த்துக்கேயர் வழிவந்த இசைக்கு உறவினரானார்! பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’ இலங்கையின் முதல் தமிழ் இசைத்தட்டு எனப் பேசப்படுகின்றது.

சங்கீதம் அறிந்தோர் இப்பாடல்களைக் கேளிக்கை என ஒதுக்கினர். பாடுபொருளிற் பல மெலிந்தவை என்பது உண்மையே. ஆயினும் ஓர் இசையின் வலிமை அது பின்வந்தோரிடத்து எவ்வாறு வாழ்கின்றது என்பதாலும் அளக்கப்படும். கிங் கிரிம்சன், பிங்க் ஃபுளொயிட் முதலிய முற்போக்கு ரொக் குழுக்களின் செல்வாக்கை ஆராய்வோர்க்கு இசைத்தட்டுகளே சாசனமாக உதவுகின்றன. நம்மவர் பாடல்களோ பெரும்பாலும் மேடையிலும் வானொலியிலும் வாழ்ந்தவை. பாடியோர் பெயரின்றியே அவை பரவின.

ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இதற்குத் தக்க சான்று. சிங்களமும் தமிழும் கலந்த அப்பாடலை 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜா எடுத்தாண்டார். கடலுக்கு அப்பால் அதனைத் திரைப்பாடலென்றே கருதினோர் பலர். மனோகரன் பின்னர் தமிழகத்திலேயே வாழ்ந்து, திரைப்படங்களில் நடித்து, 2018இற் சென்னையில் மறைந்தார். அங்கு அவர் ‘சிலோன் மனோகர்’ என்றே அறியப்பட்டார்.

திருகோணமலையில் அவ்விசை குடும்ப மரபாகவே தொடர்ந்தது. பரமேஷின் மகள் பிரபாலினி இசையமைப்பாளரானார். தந்தை தலைமுறையிற் பெண்கள் பாடகியராக மட்டுமே அறியப்பட்டிருந்த துறை அது.