லீடோ சாலையும் சின்னத்தாத்தாவின் கம்பும்

முழங்கால் வலியால் இரண்டு வாரமாக எதுவும் எழுதவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு என்னைப் பார்க்க ஒரு பழைய மாணவன் வந்திருந்தான். பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்ச், இப்போது தேனிப் பக்கம் சொந்த ஒர்க்‌ஷாப். லீவு நாளில் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைப்பாதைகளில் ஓட்டுவதுதான் பொழுதுபோக்காம். செல்போனில் வீடியோ காட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"இதுல எதுடா உனக்கு ரொம்பப் பயம்? செங்குத்தா ஏறுறதா?" என்று கேட்டேன்.

"ஏத்தத்துல பயமே இல்ல சார். முடியலன்னா ரிவர்ஸ்ல இறங்கிரலாம். மழை பெஞ்ச மறுநாள் இறக்கம்தான் சார் பயம். பிரேக்க மிதிச்சா சக்கரம் நின்னுரும், வண்டி நிக்காது. பாதை பள்ளத்துப் பக்கமா சாஞ்சிருந்தா இன்னும் மோசம். ஓரத்து மண்ணு அடியில அரிச்சுப் போயிருக்கும், மேல பார்த்தா நல்ல ரோடு மாதிரியே இருக்கும்" என்றான். ஓடையைக் கடப்பதென்றால் முதலில் தான் இறங்கிக் கம்பை ஊன்றி ஆழமும் தரையும் பார்த்த பிறகுதான் வண்டியை விடுவானாம்.

கம்பு என்றதும் எனக்கு எங்கள் சின்னத்தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. உறவுக்காரர்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மழைக்காலத்தில் கண்மாய்க்கரையில் நடந்தால்கூட முன்னால் கம்பால் குத்திப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பார். நாங்கள் சிறுபிள்ளைகள் பின்னாலேயே போய் அதேபோல நடித்துச் சிரிப்போம். அவர் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்.

ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. அடுத்த மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். அரக்கான் வழியாகச் சிட்டகாங் வந்தவர்கள் உண்டு, தமு வழியாக மணிப்பூர் வந்தவர்கள் உண்டு. மாண்டலேயில் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளையாக இருந்த சின்னத்தாத்தா, வடக்கே மிச்சினாவுக்குப் போனால் விமானம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனார். விமானத்தில் யாருக்கு முதல் இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மே முதல் வாரத்தில் அந்த விமானத் தளத்திலும் குண்டு விழுந்தது. மிஞ்சியது ஒரே வழி: ஹுகாங் பள்ளத்தாக்கு, ஷிங்பியாங், பட்காய் மலையில் பங்சாவ் கணவாய், அதற்கப்பால் அசாமில் லீடோ. மூன்று வழிகளிலும் கொடியது அதுதான். அவர்கள் காட்டுக்குள் நுழையும் நேரம் மழைக்காலமும் தொடங்கியது.

கூடக் கிளம்பியவர்கள் ஐந்து பேர். லீடோ சேர்ந்தவர்கள் இரண்டு பேர். மற்ற மூவரைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை. ஒரே ஒருமுறை என் அப்பாவிடம், "மலையோ அட்டையோ பெருசில்லப்பா. சேறுதான். முழங்கால் வரைக்கும் பிடிச்சுக்கிட்டா, எடுக்கத் தெம்பு இருந்தாத்தான் கால் வரும்" என்று சொன்னாராம்.

அதே தடத்தின் மேல்தான் அமெரிக்க ராணுவம் பிறகு சாலை போட்டது. பர்மா பிடிபட்டதும் லாஷியோவிலிருந்து சீனாவுக்குப் போன பழைய பர்மா சாலை அறுந்துவிட்டது. சீனாவுக்குத் தளவாடம் அனுப்ப இமயத்துக்கு மேலே விமானம், இல்லையென்றால் லீடோவிலிருந்து புதுச்சாலை. 1942 டிசம்பரில் வேலை தொடங்கியது. வலியுறுத்தியவர் ஜெனரல் ஸ்டில்வெல். அவரே 1942 மே மாதம் நூற்றுக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டு பர்மாவிலிருந்து இம்பாலுக்கு நடந்து வந்து சேர்ந்தவர்தான். அதனால் அந்தக் காடு எப்படிப்பட்டது என்று தெரியாமல் சொன்னார் என்று சொல்ல முடியாது.

1943 பிப்ரவரி கடைசியில் முன்னணி புல்டோசர் பர்மா எல்லையைத் தாண்டியது. பிறகு மழை வந்தது. வருஷத்துக்கு 100 அங்குலத்துக்கு மேல் பெய்கிற இடம் அது. வேலை ஏறக்குறைய நின்றேபோனது. பகலில் வெட்டிய பாதை இரவில் சரிந்துவிடும்.

என் மாணவன் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். மலையின் பக்கவாட்டை வெட்டிப் பாதை போட்டால், உள்பக்கம் வெட்டிய கெட்டித் தரை, வெளிப்பக்கம் அந்த மண்ணையே தள்ளி நிரப்பிய இளந்தரை. தண்ணீர் முதலில் ஊறி அரிப்பது வெளிப்பக்கத்தைத்தான். சுமை ஏற்றிய லாரியின் வெளிச்சக்கரம் நிற்பதும் அங்கேதான். எதிரே வண்டி வந்து ஒதுங்கினால் என்ன ஆகும்? டயர்ப் பள்ளங்களைச் சேறு அடைத்துவிட்டால் நல்ல டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். இளகிய இடங்களில் மரத்தடிகளைக் குறுக்கே நெருக்கி அடுக்கி, அதன் மேல் லாரியை ஓட்டினார்கள். இத்தனைக்கும் ஓட்டியவர்களில் பலர் இருபது வயதைச் சுற்றிய பையன்கள்.

1943 அக்டோபரில் பொறுப்புக்கு வந்த கர்னல் லூயிஸ் பிக் வடிகாலில் கவனம் வைத்தார், இரவும் பகலும் வேலை வாங்கினார். டிசம்பர் 27 அன்று, லீடோவிலிருந்து 103 மைலில் இருந்த ஷிங்பியாங்கைச் சாலை தொட்டது. 1945 ஜனவரி 12 அன்று 113 வண்டிகளோடு முதல் அணிவகுப்பு லீடோவிலிருந்து கிளம்பி, பிப்ரவரி 4 அன்று சீனாவின் குன்மிங் சேர்ந்தது. மொத்தம் 1,079 மைல். சியாங் கை ஷேக் அதற்கு ஸ்டில்வெல் சாலை என்று பெயர் வைத்தார்.

உழைத்த அமெரிக்க வீரர்கள் சுமார் 15,000 பேர், அவர்களில் பாதிக்கும் மேல் கறுப்பர்கள். வெள்ளையரோடு ஒரே முகாமில் தங்கக்கூட அனுமதி இல்லாத ராணுவத்தில் இருந்துகொண்டு இதைச் செய்தார்கள். உள்ளூர்த் தொழிலாளர் சுமார் 35,000. இறந்த அமெரிக்கர் 1,100 பேருக்கு மேல். 'மைலுக்கு ஓர் ஆள்' என்று அந்தச் சாலைக்குப் பட்டப்பெயரே வந்தது. உள்ளூர்க்காரர்கள் அதைவிட அதிகம் இறந்தார்கள். அந்தப் பட்டப்பெயரில் அவர்கள் கணக்கு இல்லை.

பலன்? 1945 ஜூலையில் விமானங்கள் கொண்டுபோனது 71,000 டன், சாலை வழியாகப் போனது 6,000 டன்தான். அடுத்த மாதம் போரே முடிந்தது. சாலையைக் கைவிட்டார்கள். காடு திரும்ப வந்தது. என்னைக் கேட்டால் அது பொறியியலில் வெற்றி, கணக்கில் தோல்வி. பிக்கின் ஆட்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை, திட்டத்தைச் சொல்கிறேன்.

பத்து வருஷம் கழித்து ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் கிளம்பினார்கள். 1955 செப்டம்பர் 1 புறப்பாடு, 1956 மார்ச் 6 சிங்கப்பூர். இடையில் கடந்தது இந்தக் கைவிட்ட சாலையைத்தான். பாலங்கள் பல போய்விட்டிருந்தன, ஆற்றில் இறங்கித்தான் கடந்தார்கள். டிம் ஸ்லெசர் எழுதிய 'ஃபர்ஸ்ட் ஓவர்லேண்ட்' என்ற புத்தகம் அந்தப் பயணத்தைப் பற்றியதுதான். ஜீப் வைத்திருப்பவர்கள் வாங்கிப் படியுங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இல்லை, தள்ளிப்போட்டேன். சாலை போட வந்த வீரர்கள் அந்தத் தடம் நெடுக எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். முந்தின வருஷம் நடந்து வந்து, முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே போனவர்கள். இதைப் படித்தபோது எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். சின்னத்தாத்தா இறந்து அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. அந்த மூவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறும் சொல்லிக்கொடுத்தவன் நான்.

உறவுகளில் யாருக்காவது அந்தப் பெயர்கள் தெரிந்தால் எழுதுங்கள். ஒருவர் நாட்டரசன்கோட்டைப் பக்கம் என்று மட்டும் என் அத்தை சொல்லிக் கேட்ட ஞாபகம். மாணவர்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் பற்றிப் பேச்சு உண்டென்றால், எந்த வழியாக வந்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.