புதுக்கோட்டை அறிவொளி இயக்கமும் உள்ளூர்ப் பயிற்சியாளர்களும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், முழு எழுத்தறிவை இலக்காகக் கொண்ட மக்கள் இயக்கம் ஆகும். மாவட்ட நிர்வாகமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்ற தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து இதை நடத்தின. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். இந்த இயக்கம் பெரும்பாலும் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்ட நிகழ்வோடு சேர்த்தே நினைவுகூரப்படுகிறது. அதற்கு அடியில் இருந்த ஏற்பாடு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அரசு கொடுத்த பணத்தைக் கொண்டு, ஊரில் இருப்பவர்களையே பயிற்சியாளர்களாக்கி, அவர்கள் வழியாக வேறு பலரைப் பொது வேலைக்கு முன்னால் நிறுத்திய ஏற்பாடு அது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

பின்னணி

1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய முதியோர் கல்வித் திட்டங்களில், சிறு மதிப்பூதியம் பெறும் ஒருவர் ஒரு மையத்தை இரவில் திறந்து வைப்பார்; வருகிறவர்கள் படிப்பார்கள். அரிக்கேன் விளக்கும் வருகைப் பதிவேடும் இருந்தன, கற்போர் இருந்ததில்லை என்று கேலி பேசும் அளவுக்குப் பல மையங்கள் காகிதத்தில் மட்டும் நடந்தன. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதும் நிலைமை மாறியது. ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு, குறுகிய காலத்தில், ஒரு மாவட்டம் முழுவதையும் ஒரே வீச்சில் எழுப்ப முடியும் என்பதை அது காட்டியது. அதே ஆண்டு இறுதியில் பாரத ஞான விஞ்ஞான கலைப் பயணம் நாடு முழுவதும் சென்றது. வீதி நாடகமும் பாட்டுமாகத் தமிழக ஊர்களில் நடந்த அந்த நிகழ்ச்சிகள், தொண்டர்களைத் திரட்டும் வழியையும் கற்றுக்கொடுத்தன.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் 51.3 விழுக்காட்டினர். புதுக்கோட்டை மழையையும் கண்மாயையும் நம்பிய மாவட்டம். 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த பகுதிதான் 1974-இல் பெரும்பாலும் இம்மாவட்டமாக ஆனது. 13 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றான அரிமளத்தை எடுத்துக்கொண்டால், தெற்கே செட்டிநாட்டின் பெரிய வீடுகள். அவற்றைச் சுற்றி ஏம்பல், கே. புதுப்பட்டி வரை சிதறிக் கிடக்கும் சிற்றூர்களும் தைல மரக் காடுகளும். இத்தகைய ஊர்களுக்கு வெளியிலிருந்து ஓர் ஆசிரியரைத் தினமும் அனுப்புவது நடக்கிற காரியம் இல்லை. கற்பிப்பவர் அந்தத் தெருவிலேயே இருக்க வேண்டியிருந்தது.

பயிற்சி அடுக்கு

மாவட்ட அளவில் ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட பதிவுபெற்ற சங்கம் ஒன்று அமைக்கப்பட்டு, பணம் அதன் கணக்குக்கு வந்தது. பொது மாவட்டங்களில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 2:1 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்வது தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் விதி. துறை வழியாகப் போகாமல் ஒரு சங்கத்தின் வழியாகச் செலவிட்டதால், முடிவுகள் கோப்புக்காகக் காத்திருக்கவில்லை.

அடுக்கு இப்படி இருந்தது. மேலே கருத்தாளர்கள்: கல்லூரி ஆசிரியர்கள், பள்ளி ஆசிரியர்கள், அறிவியல் இயக்கத்தினர். அவர்கள் ஒன்றிய அளவிலான பயிற்சியாளர்களுக்குக் கற்பித்தனர். அந்தப் பயிற்சியாளர்கள் ஊர்த் தொண்டர்களுக்குக் கற்பித்தனர். ஒரு தொண்டருக்குச் சுமார் பத்துக் கற்போர். மூன்று பாடநூல்கள், மொத்தம் ஏறத்தாழ 200 மணி நேரம். ஒவ்வொரு நூலுக்கு முன்பும் தொண்டர்களுக்குப் பயிற்சி உண்டு. தொண்டருக்குச் சம்பளம் கிடையாது. ஆகவே பணம் பெரும்பாலும் பயிற்சி முகாம், நூல், பலகை, விளக்கு, கலைக்குழு, முழுநேர ஊழியர்களின் செலவு ஆகியவற்றுக்குப் போனது.

தொண்டர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். எட்டாவதோ பத்தாவதோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தவர்கள். ஒரு முகாமில் வட்டமாக உட்கார்ந்து, பாடி, நடித்துக் காட்டி, தாங்களே பாடம் நடத்திப் பார்த்து, மற்றவர்கள் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் முறை அவர்களுக்குப் புதிது. மேடையும் கரும்பலகையும் வைத்து நாற்பது பேரை உட்கார வைத்துப் பழகிய எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அது இன்னும் புதிது. பி.எட். வகுப்பில் இதையெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை.

இம்முறையின் வேர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயிடம் இருக்கிறது. 1963-இல் அந்நாட்டின் வடகிழக்கில் உள்ள ஆஞ்சிகோஸ் என்ற ஊரில், ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்பித்தவர் அவர். கற்பவரின் வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் முறை. அறிவொளியின் முதல் பாடம் அ, ஆ என்று தொடங்கவில்லை. ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்களிலிருந்து தொடங்கியது. நிலம் இல்லாதவர்கள் முதலில் எழுதிய சொல் பட்டா. அது யாரிடம் இருக்கிறது, ஏன் நம்மிடம் இல்லை என்ற பேச்சோடுதான் எழுத்து வந்தது.

எழுத்திலிருந்து பொது வேலைக்கு

சைக்கிள் இந்த அடுக்கின் தேவையிலிருந்தே வந்தது. தொண்டர்களும் ஒருங்கிணைப்பாளர்களும் ஊர் ஊராகப் போக வேண்டும், பேருந்து குறைவு. ஆண் துணையை எதிர்பார்த்தால் வேலை நடக்காது. சைக்கிள் ஓட்டக் கற்பதை எழுத்தறிவு வேலையின் ஒரு பகுதியாகவே ஆட்சியர் ஆக்கினார். வாங்குவதற்கு வங்கிக் கடனும் கிடைத்தது. மாவட்ட ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவரான கண்ணம்மாள் இதில் முன்னின்றார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெங்கும் பாடப்பட்டது. பெண்கள் சைக்கிள் போதாமல், குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையும் ஓட்டினார்கள். கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் கொடி கட்டிய சைக்கிள்களில் ஊர்வலம் வந்தனர். இவ்வகைப் பொது நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட பெண்கள் 70,000-க்கும் அதிகம் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அவர் கட்டுரை பின்னர் என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது.

சைக்கிள் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு இணையாக நடந்த கல்குவாரி விஷயத்தில் பகை அதிகம். ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்களைக் குழுக்களாக்கி, குவாரிகளை அவர்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது நிர்வாகம். கணக்கு எழுதவும், லாரி நடை எண்ணவும், அலுவலகத்தில் போய்ப் பேசவும் குழுவுக்குள் ஆள் வேண்டியிருந்தது. அறிவொளி வகுப்பு அந்த ஆட்களைத் தந்தது. ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆட்சியர் மாறிய பிறகு இந்தக் குத்தகைகளுக்கு முன்பிருந்த ஆதரவு இல்லை.

புதுக்கோட்டை 1992-இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

எது நின்றது, எது போனது

பிரச்சினை அதற்குப் பிறகுதான். பயன்படுத்தாத எழுத்து மறந்துபோகும். அடுத்து வந்த தொடர்கல்வி, வளர்கல்வித் திட்டங்களில் மையமும் ஊக்குநரும் சிறு மதிப்பூதியமும் இருந்தன. அடிக்கடி கூடிப் பேசிய பயிற்சி வட்டம் இல்லை. என் கணிப்பில், முதல் கட்டத்தின் செலவுகளில் மிகப் பயன் தந்தது அந்தக் கூடுகைக்கான செலவுதான். முதலில் வெட்டப்பட்டதும் அதுதான்.

சம்பளம் இல்லாத தொண்டு என்பதைப் போற்றுவதும் எளிது. ஆனால் பகலில் நாற்று நட்டுவிட்டு இரவில் பாடம் எடுத்த ஏழைப் பெண்ணின் உழைப்பு அது. ஓராண்டுக்கு உற்சாகம் தாங்கும், ஐந்தாண்டுக்குத் தாங்காது. சாதியும் குறுக்கே நின்றது. வேறு தெருவுக்குப் போய்ப் பாடம் நடத்திய பெண்கள் வீட்டில் கேள்விக்கு உள்ளானார்கள். பல இடங்களில் வகுப்புகள் தெருவாரியாகவே நடந்தன. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ நூல் திருநெல்வேலிப் பக்கத்து அறிவொளி அனுபவத்தை உள்ளிருந்து சொல்கிறது. புதுக்கோட்டையைப் பற்றிப் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் சேர்ந்து எழுதிய நூல் 1996-இல் வந்தது. மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி பின்னர் இங்கேயே தங்கி ஆராய்ந்து 2013-இல் ஒரு நூல் வெளியிட்டார். கைநாட்டு வைத்த பெண்கள் கையெழுத்திட்டு ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போனதை அவர் விரிவாகப் பேசுகிறார். மனு எல்லாம் பலித்துவிடவில்லை. ஆனால் எந்த அலுவலகத்தில், யாரிடம், எப்படிக் கேட்பது என்பது தெரிந்துவிட்டது.

1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. கூட்டம் கூட்டவும் பொதுவில் பேசவும் பழகியிருந்த பெண்கள் அதற்குள் இம்மாவட்டத்தின் ஊர்களில் இருந்தார்கள். அந்த ஒதுக்கீடு 2016 சட்டத்திருத்தத்தால் பாதியாக உயர்ந்தது.

2022 முதல் நடைமுறையில் உள்ள புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே செயல்படுகிறது. தமிழ்நாட்டில் கற்பிக்கும் காலம் 200 மணி நேரம். மையங்கள் பெரும்பாலும் பள்ளி வளாகங்களில் உள்ளன. தன்னார்வலர்களுக்கு ஊதியம் இல்லை.