படகுக்குப் பூசிய மருந்தும் பாழான ஆளிப் பண்ணையும்



வயலுக்குக் களை எப்படியோ, படகுக்குப் பாசியும் சிப்பியும் அப்படி. அடியில் அப்பிக்கொண்டால் வேகம் குறையும், டீசல் செலவு கூடும். இதைத் தடுக்கும் பூச்சின் வரலாற்றில், மருந்து தெளிக்கிற நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற மரக் கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்தது. மரத்தைத் துளைக்கும் புழு அண்டவில்லை. ஆனால் மேற்கிந்தியத் தீவுகளில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியபோது பார்த்தால், தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல அரித்துப் போயிருந்தன. சில ஆணி மட்டும் நன்றாக இருந்தது. காரணம் என்ன தெரியுமா? தகட்டைச் சுற்றி வந்த காகிதம் அங்கே செம்புக்கும் இரும்புக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. உப்புத் தண்ணீரில் இரண்டும் தொட்டுக்கொண்டால் இரும்புதான் அரிபடும். அன்று காகிதம் செய்த வேலையை இன்று பிரைமர் செய்கிறது.

1824-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, செம்பும் அரிக்காமல் இருக்கட்டும் என்று அதோடு இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்தார். செம்பு அரிக்கவில்லை, பாசியும் சிப்பியும் வந்து ஒட்டிக்கொண்டன! செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால்தான் அவற்றைத் தடுக்கும் என்பது அப்போது விளங்கியது.

சரி, கரைந்தது எங்கே போகும்? 1960-களில் டி.பி.டி. என்ற வெள்ளீய ரசாயனம் கலந்த பெயின்ட் வந்தது. படகுக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தி. ஆனால் பிரான்சு நாட்டில் ஆர்க்கஷோன் என்ற விரிகுடா இருக்கிறது. அங்கே ஆளிச் சிப்பி வளர்ப்பதுதான் பிழைப்பு. 1970-களின் கடைசியில் ஆளிகளின் ஓடு கோணலாகத் தடித்துப்போனது. குஞ்சு பிடிக்கவே இல்லை. விளைச்சல் விழுந்தது. உல்லாசப் படகுகளிலிருந்து கரைந்த மருந்துதான் காரணம் என்று தெரிந்ததும், 25 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அந்தப் பூச்சை 1982-இல் பிரான்சு தடை செய்தது. ஆளி மறுபடி தழைத்தது. 2001-இல் உலக நாடுகள் ஒப்பந்தம் செய்தன. 2008-இல் அது நடைமுறைக்கு வந்தது.

படகு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இரும்புப் படகென்றால் துருவைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, துருத்தடுப்பு பிரைமர் பூசி, அதற்குமேல்தான் பாசித்தடுப்பு பெயின்ட் அடிக்க வேண்டும். அலுமினியப் படகுக்குச் செம்பு கலந்த சாதாரணப் பெயின்ட் ஆகாது. அலுமினியத்துக்கென்றே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். கீழே படுதா விரித்து, விழும் தூளைத் தண்ணீரில் சேராமல் அள்ளிவிடுங்கள்.

ஆளி வளர்த்தவர்கள் படகுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லவில்லை. நஷ்டம் மட்டும் அவர்கள் தலையில் விழுந்தது. நம் வயலில் தெளிக்கும் மருந்தும் வாய்க்கால் வழியே போகிறது. கடைமடையில் இருப்பவரையும் நினைத்து, அளவோடு தெளிப்போம்.