உலை ஏறும் நேரம்: தஞ்சை வயல்களில் பசியும் கடிகாரமும்

1

சென்ற ஆண்டு பட்டுக்கோட்டையில் ஒரு மருத்துவர் என் சர்க்கரை அளவையும் இடுப்புச் சுற்றளவையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காலையில பத்து மணிக்கு மேல சாப்பிடுங்க. சாயந்தரம் ஆறோட நிறுத்திக்குங்க. எட்டு மணி நேரந்தான் வாய்க்கு வேலை. மத்த நேரம் தண்ணி மட்டும்." ஊர் திரும்பி இதை அத்தையிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியவள். நடவிலும் அறுப்பிலும் அரை நூற்றாண்டு குனிந்து நிமிர்ந்தவள். சிரித்துவிட்டாள். "பத்து மணிக்குக் கஞ்சி, பொழுது சாஞ்சாச் சோறு. எங்களுக்கு எந்த டாக்குடருடா எழுதிக் குடுத்தாரு? அன்னைக்கு அதுக்குப் பேரு பட்டினி. இன்னைக்கு வைத்தியமா?"

இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் தேடும் முயற்சி. எதை உண்கிறோம் என்பதற்குச் சாதி சார்ந்த வரலாறு உண்டு என்பதை நாம் நிறையவே பேசியிருக்கிறோம். எப்போது உண்கிறோம் என்பதற்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

2

பண்ணையாள் முறையில் நேரம் மிராசுதாருக்குச் சொந்தம். விடியுமுன் வயலில் நிற்க வேண்டும். முந்தின இரவில் மிஞ்சிய சோற்றில் ஊற்றிய தண்ணீர்தான் காலை ஆகாரம். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. கையில் நெல் வந்த பிறகும் பசி ஆறிவிடாது. அவித்து, உலர்த்தி, உரலில் குத்திப் புடைத்தால்தான் அரிசி. வயலில் ஆணுக்குச் சமமாக நின்ற பெண்ணுக்கு வீட்டில் இந்த வேலையும் காத்திருந்தது. ஆகவே உலை ஏறும்போது இருட்டிவிடும். ஒரு நாளின் ஒரே சுடுசோறு இரவில்தான். இந்த 'ஒரு வேளை' பண்பாட்டு வழக்கமோ, உடல்நலம் குறித்த ஞானமோ அல்ல. கூலியின் அளவும் வேலையின் நீளமும் சேர்ந்து வயிற்றின் மீது எழுதிய கால அட்டவணை அது.

1940களில் பி. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய விவசாய இயக்கம் சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்தது எல்லாருக்கும் தெரியும். முத்திரை மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதும் அதே இயக்கத்தின் கோரிக்கை. மரக்காலில் குறைந்த நெல் பானையில் குறைந்த சோறு. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னணியில் இருந்ததும் படி நெல் கணக்கில் நடந்த கூலிப் போராட்டந்தான்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. 1934இல் மேட்டூர் அணை திறந்து, 'புது ஆறு' என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகுதான் இந்த மேட்டு நிலம் நெல்வயலாக விரிந்தது. இங்கிருந்து மலேயாவுக்குக் கப்பலேறியவர்கள் அங்கே இன்னொரு கடிகாரத்தைச் சந்தித்தார்கள்: விடியுமுன் தோட்டத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுக்கும் 'பெரட்டு'. தம்பிக்கோட்டையில் பிறந்து மலேயாத் தொழிற்சங்கத் தலைவரான கணபதி 1949இல் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். மலேயா சென்று திரும்பி இங்கே விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய வாட்டாக்குடி இரணியன் 1950இல் சுட்டுக் கொல்லப்பட்டார். வேலை நேரத்தைக் கேள்வி கேட்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்த காலம் அது.

3

உணவைக் காலத்தால் வரையறுக்கும் வேறு மரபுகளும் இதே மண்ணில் உண்டு. பட்டுக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அதிராம்பட்டினத்தில் ரமலான் மாதம் முழுக்கப் பகலில் அடுப்பு அடங்கிக் கிடக்கும். பொழுது இறங்கியதும் நோன்புக் கஞ்சி. இருட்டிய பின் உண்ணாமை சமணர்களின் விரதம். வைதீக வீடுகளில் ஏகாதசி. அதே வீடுகளின் கைம்பெண்களுக்கு ஆயுள் முழுக்க ஒரு வேளைச் சோறு. ஏகாதசி இருந்தவருக்கு மறுநாள் விருந்து காத்திருந்தது. கைம்பெண்ணுக்கு மறுநாளும் அதே ஒரு வேளைதான். வெளிப்பார்வைக்கு எல்லாம் 'விரதம்'. ஆனால் நேரத்தைத் தீர்மானித்தவர் யார், முடிவில் தட்டில் என்ன விழுந்தது என்ற இரண்டு கேள்விகளைப் போட்டால் ஒன்று நோன்பு, இன்னொன்று தண்டனை என்று பிரிந்துவிடும்.

உடல் மீது காலத்தை எழுதுவது அதிகாரத்தின் நுண்ணிய வேலை என்று ஃபூக்கோ பள்ளி, படைமுகாம், சிறைச்சாலை ஆகியவற்றின் கால அட்டவணைகளை வைத்துக் காட்டினார். நம்முடைய வயலையும் சமையற்கட்டையும் அந்தப் பட்டியலில் நாம்தான் சேர்க்க வேண்டும். அரசும் இந்த வேலையைச் செய்திருக்கிறது. 1877இல், பெரும் பஞ்சத்தின் நடுவே, சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஓர் ஆள் ஒரு நாள் உயிர் பிழைக்க ஒரு ராத்தல் தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். எவ்வளவு குறைவாகத் தின்று ஓர் உடல் வேலை செய்யும் என்பது அன்று கஜானாவின் கேள்வி.

4

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். அதை ஏகாதிபத்தியச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம், சரியாகாது. 2012இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் சச்சிதானந்த பாண்டாவின் குழு எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தது. எந்நேரமும் தின்ற எலிகள் பருத்தன. அதே அளவு தீனியை எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் தின்றவை அவ்வளவு பருக்கவில்லை. உடலுக்குள் ஒரு நாள்-கடிகாரம் உண்டு, ஈரலும் கணையமும் அதன்படி நடக்கின்றன என்பதும் கட்டுக்கதையல்ல. அந்தக் கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டவர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் மனிதர்களிடம் முடிவு இவ்வளவு பளிச்சென்று இல்லை. சீனாவின் குவாங்சோவில் உடற்பருமன் உள்ள 139 பேரை ஓராண்டு கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் எல்லாருக்கும் உணவின் அளவு குறைக்கப்பட்டது. ஒரு பாதியினர் மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நான்குக்குள் உண்டார்கள். இரு பாதியினரும் இளைத்தார்கள். இரண்டுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது நேரக் கட்டுப்பாடு குறைவாக உண்ண ஒரு வழியாக இருக்கலாம், மந்திரமல்ல. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளையும் இன்சுலினையும் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் தெரிந்தபிறகு நான் திரும்பப் போய் மாத்திரை அளவை மாற்றி எழுதி வாங்கினேன். வாசகர்களும் அதைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொன்று. 1944-45 குளிர்காலத்தில் நாஜிகள் தடுத்து வைத்த பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். பஞ்சத்துக்குத் தயாரான கரு, பின்னால் சோறு தாராளமாகக் கிடைக்கும்போது தடுமாறுகிறது என்பது அவர்கள் கருத்து. என் பாட்டியும் அம்மாவும் கிடந்த பட்டினியை வைத்துப் பார்க்கும்போது என் கணையத்தை என் தனிப்பட்ட ஒழுக்கக்கேடு என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2011 முதல் அட்டைக்கு இலவச அரிசி. பசி போனது பெரிய காரியம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் தட்டில் நிறைந்தது தீட்டிய வெள்ளரிசி. வயலில் குனிந்த வேலையோ குறைந்துபோயிற்று.

5

கடிகாரத்தை மறுபக்கம் திருப்பிய வரலாறும் நம்மிடம் இருக்கிறது. 1956இல் காமராஜர் ஆட்சியின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின் சத்துணவு, 2022இல் தொடங்கிய காலை உணவு. வெறும் வயிற்றோடு வரும் குழந்தையிடம் 'பத்து மணி வரை பொறு' என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் நகரத்து ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அவளுக்கும் சர்க்கரை. அவளிடமும் அதே பத்து-ஆறு சீட்டு. "ஆறு மணிக்குத்தாண்ணே கூட்டமே வரும். ஒம்பதரைக்குக் கட மூடி, பஸ் பிடிச்சு வந்து அதுக்கப்புறந்தான் சோறு" என்கிறாள். எனக்கு அந்தச் சீட்டு ஒரு தேர்வு. அவளுக்கு அது இன்னொரு குற்ற உணர்வு.

2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டுக் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை உரிமையாயிற்று. நிற்பதும் உட்காருவதும் சட்டத்தின் விஷயமாக முடியுமென்றால், மாலையில் அரை மணி உட்கார்ந்து உண்பதும் ஆகலாம். தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதை எழுதுவார்களா?

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். "மொதல்ல அந்தப் புள்ளைக்கு ஒரு வா சோத்த நேரத்தோட திங்க விடச் சொல்லு. எத்தனை மணிக்குன்னு அப்பறம் டாக்குடரு சொல்லட்டும்" என்றாள்.